அப்பாவின் வாட்சில் ஏறிய காந்தம்

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

இனிமேல் வீட்டில் நடப்பதையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், போன கடிதத்தில் ‘இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதியது நான் இல்லை. அப்பா பக்கத்தில் நின்று சொன்னதை என் கை எழுதியது, அவ்வளவுதான்.

எனக்கு ஜலதோஷம் விட்டுவிட்டது. அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரி வேலையில் நாள் முழுக்க நிற்க வைக்கிறார்களா?

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் வாட்ச் வேகமாக ஓடுகிறது. காலையில் வானொலியின் பீப் சத்தத்துக்கு முள்ளைச் சரியாக வைத்து, சாவி கொடுத்து, கட்டிக்கொண்டு போகிறார். சாயங்காலம் பார்த்தால் பத்து நிமிடம் முன்னால் நிற்கிறது. உனக்கே தெரியும், ஆலையின் சங்கு அறையில் வேறு கடிகாரம் கிடையாது. அப்பா தன் வாட்சைப் பார்த்துத்தான் கைப்பிடியை இழுப்பார். இத்தனை வருடமாக இந்தத் தெருவே அந்தச் சங்கைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டியது. இப்போது மே மாதத்திலிருந்து ஷிப்டு முடியும் முன்பே சங்கு ஊதிவிடுகிறது.

தொழிலாளர்களுக்குக் கொண்டாட்டம். பக்கத்து வீட்டு மெக்கானிக் அண்ணா வாசலில் நின்று, “உங்கப்பாவுக்கு ஒரு சிலை வைக்கணும் பாப்பா. சீக்கிரம் விடற ஒரே ஆபீசர் அவர்தான்!” என்கிறார். ஆனால் மேனேஜர் மெமோ கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது, “உங்க வேலைக்கு நீங்களே சங்கு ஊதிக்காதீங்க” என்றாராம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா, அதைவிட எனக்குப் பயமாக இருப்பது வேறு. “வாட்சைக் கடைக்குக் கொண்டுபோகலாம்பா” என்று சொன்னேன். அப்பா வாட்சைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “ரிப்பேர் ஒண்ணும் இல்ல பாப்பா. குடுக்கை தள்ளி வெக்கறான்” என்றார்.

அண்ணன் சின்ன வயதில் அப்படிச் செய்வானாமே. அப்பா குளிக்கப் போகும்போது முள்ளை முன்னால் தள்ளி வைத்துவிட்டால், சங்கு சீக்கிரம் ஊதி அப்பா சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று. அதற்குத்தான் ‘அவசரக்குடுக்கை’ என்று பெயர் வைத்து, அதுவே சுருங்கிக் ‘குடுக்கை’ ஆனதாம். அவன் வேன் அந்த வளைவில் கவிழ்ந்து, அவன் போய் ஐந்து மாதம் ஆகிறது. அப்பா நேற்றுத்தான் நடந்தது போல அந்தக் கதையைச் சொன்னார். சொல்லும்போது முகம் சந்தோஷமாக இருந்தது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் மகள்

•

ஜூன் 24

என் வாத்தியாரம்மாவுக்கு,

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருப்பது தெரிந்து நிம்மதி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்த்துக்கொள்கிறேன்.

பழைய வாட்ச் என்றால் எண்ணெய் காய்ந்திருக்கும். உடனே கடையில் கொடுத்துச் சரிபார்த்துவிடு. அப்பாவிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே, நீயே எடுத்துக்கொண்டு போ. வேலை போனால் நம் கதி என்ன?

பரீட்சைக்குப் படிக்கிறாயா, கதைப் புத்தகம்தான் படிக்கிறாயா? வெந்நீர் குடி. கொடியில் காயும் துணியை மழைக்கு முன் எடுத்துவிடு. அப்பாவுக்கு அந்தச் சாம்பல் நிறச் சட்டையில் பொத்தான் போயிருந்தது, தைத்துவிட்டாயா?

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அம்மா

•

ஜூலை 3

அன்புள்ள அம்மாவுக்கு,

பொத்தான் தைத்துவிட்டேன். அப்பாவும் நானும் சுகம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அண்ணனைப் பற்றி நான் எழுதிய பகுதி கிடைத்ததா, இல்லை அந்தத் தாள் உறையில் ஒட்டிக்கொண்டுவிட்டதா என்று சந்தேகமாக இருந்தது.

நான் பள்ளி நூலகத்தில் தேடினேன். இயற்பியல் புத்தகம் ஒன்றில் ஒரு பத்தி இருந்தது: எஃகுப் பாகங்கள் உள்ள கடிகாரம் வலுவான காந்தத்தின் அருகில் இருந்தால் வேகம் மாறும். உடனே வாட்சை எடுத்துக்கொண்டு லென்ஸ் மாமா கடைக்கு ஓடினேன். (எப்போதும் ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டே பேசுகிற அந்த வாட்ச் கடைக்காரர்தான். சாப்பிடும்போதும் அதைக் கழற்ற மாட்டார் என்று நினைக்கிறேன்.)

அவர் ஒரு சின்னத் திசைகாட்டியை வாட்சின் மேல் வைத்தார். ஊசி ஒரு நிலையில் நிற்காமல் கிடுகிடுவென்று நடுங்கியது.

“காந்தம் ஏறியிருக்கு” என்றார்.

“ஏறினா ஏன் மாமா வேகமா ஓடுது?”

“உள்ள ஹேர் ஸ்பிரிங்னு ஒண்ணு இருக்கு. முடியைவிட மெல்லிசு. சுருள் சுருளா இருக்கும். காந்தம் ஏறினா ஒரு சுருளோட இன்னொரு சுருள் ஒட்டிக்கும். அப்ப நீளம் கொறஞ்ச மாதிரி ஆயிடும்ல? குட்டைக்காலன் எட்டு சின்னதா வெச்சு வேகமா ஓடுவான் பாரு, அந்தக் கதைதான்.”

செப்புக் கம்பி சுற்றிய ஒரு வளையத்தில் மின்சாரம் விட்டு, வாட்சை உள்ளே நுழைத்து, மிக மெதுவாக வெளியே இழுத்தார். அவ்வளவுதான். திசைகாட்டி ஊசி அசையவில்லை. “வீட்ல ரேடியோ, ஸ்பீக்கர் எது பக்கத்துலயும் வெக்காதீங்க. உங்கப்பாகிட்டயும் நானே சொல்லிடறேன்” என்றார்.

அடுத்த நாள் சங்கு சரியாக ஊதியது. மெக்கானிக் அண்ணா, “யார் கண்ணு பட்டுச்சோ, எங்க சுகம் போச்சு” என்று புலம்பினார். நான் வெற்றி பெற்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அப்பா வாட்சைப் பார்த்து, “சரியாயிடுச்சு போல” என்று சொன்ன விதம், யாரையோ பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் சொல்வது போல இருந்தது.

இதை எழுதி ஒட்டுவதற்குள் ஒரு செய்தி: நேற்று மறுபடியும் சங்கு முன்னாலேயே ஊதிவிட்டது. அப்பா விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
மகள்

•

ஜூலை 20

செல்லத்துக்கு,

இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வேலை அதிகம். கால் வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

லென்ஸ் மாமா சொன்னது சரி. வாட்சை ரேடியோ மேல் வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல். மறுபடியும் கடைக்குக் கொண்டுபோ. சின்ன விஷயத்தைப் பெரிதாக்கி மனதைக் குழப்பிக்கொள்ளாதே. உன் வயதில் படிப்புதான் முக்கியம்.

குடை வாங்கிக்கொண்டாயா?

அம்மா

•

ஆகஸ்ட் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

குடை இருக்கிறது. கால் வீக்கத்தைக் கவனித்துக்கொள். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அப்பா வாட்சை ரேடியோ மேல் வைப்பதே இல்லை. அதனால் காந்தம் எங்கே இருக்கிறது என்று நானே கண்டுபிடிக்க முடிவு செய்து, பள்ளிப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு திசைகாட்டியை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வந்தேன். வெறும் இரும்பு என்றால் ஊசியின் இரண்டு முனையையும் இழுக்கும். காந்தம் மட்டும்தான் ஒரு முனையை இழுத்து இன்னொன்றைத் தள்ளும். இதை வைத்து வீடு முழுக்கச் சோதித்தேன். அலமாரி, தையல் மிஷின், அப்பாவின் கட்டில், துணி தேய்க்கும் பெட்டி எல்லாம் இழுத்தன. எதுவும் தள்ளவில்லை. ரேடியோ தள்ளியது. ஆனால் அதன் அருகே வாட்ச் போகவில்லை என்பதற்கு நான் சாட்சி.

அண்ணன் அறைக்கும் போனேன். நீ போனதிலிருந்து அது சாத்தியே இருக்கிறது. மேசையில் அவனுடைய ஸ்பேனர்கள், கறுப்பு டேப் உருண்டை, பாதி சீப்பு. தலையணையில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. ஸ்பேனர்களும் வெறுமனே இழுத்தன. மற்றபடி ஊசி எதையும் கண்டுகொள்ளாமல் வடக்கையே பார்த்து நின்றது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எதை எதிர்பார்த்து அங்கே போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அறிவியல் படிக்கிற பெண் இப்படி எழுதக்கூடாதுதான். ஆனால் உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சோதனையின்போது இன்னொன்று கவனித்தேன். சங்கு ஊதினதும் தெருவில் எல்லோரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். அப்பா மட்டும் இருட்டுகிற சமயத்தில்தான் வருகிறார்.

“வேலை முடிஞ்சு எங்கப்பா போறீங்க?” என்று கேட்டேன்.

“எங்க போறது? நேரா வீட்டுக்குத்தான்.”

“மெக்கானிக் அண்ணா வந்து, குளிச்சு, தூங்கியே எழுந்துட்டாரே.”

“அவன் ஓடி வருவான். நான் நடந்து வரேன்.”

“அவ்வளவு மெதுவாவா?”

“போலீஸ் உத்தியோகத்துக்குப் படிக்கறியா நீ?” என்று தலையில் செல்லமாகக் குட்டினார். பேச்சை மாற்றிவிட்டார். அப்பா என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. நன்றாகச் சொல்ல வரவில்லை அவருக்கு.

இரண்டாவது மெமோவும் வந்துவிட்டது, அம்மா. மூன்றாவது வந்தால் வேலை இல்லை என்று எழுதியிருக்கிறது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா ரேடியோவில் பாட்டுக் கேட்கிறார்.

சீக்கிரம் பதில் போடு.
மகள்

•

ஆகஸ்ட் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையா? கால் எப்படி இருக்கிறது என்றாவது ஒரு வரி எழுது. பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுவதற்குக் காரணம், அப்பா எங்கே போகிறார் என்று தெரிந்துவிட்டது.

நேற்று பள்ளி அரை நாள். ஆலைக்கு எதிரே நின்று காத்திருந்தேன். அப்பா வெளியே வந்து, வீட்டுப் பக்கம் திரும்பாமல், கால்வாயை ஒட்டிய சாலையில் நடந்தார். அந்தச் சாலையின் கோடியில் பழைய இரும்புக் கிடங்கு இருக்கிறது. தகரக் கதவு. உள்ளே கழற்றிப் போட்ட கதவுகள், சக்கரங்கள், மூஞ்சி நசுங்கிய கார்கள். அவற்றுக்கு நடுவில் அண்ணனின் வேன் நிற்கிறது.

எனக்குத் தெரியாது அம்மா. போலீஸ் ஸ்டேஷனிலேயே இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஏப்ரல் கடைசியில் இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்களாம்.

வலப்பக்கம் முழுவதும் உள்ளே போயிருக்கிறது. இடப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. அப்பா இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். தினமும் காலையில் அண்ணன் அவரை ஆலையில் இறக்கிவிடுவானே, அப்போது உட்காருவாரே, அதே மாதிரி. இடக்கை கதவின் மேல் இருந்தது. நான் வேனுக்குப் பின்னால், டயர் அடுக்கின் மறைவில் நின்றேன். பேச்சுக் குரல் கேட்டது.

“ஆபீஸ்ல மெமோ குடுத்துட்டாங்கடா. உன்னாலதான். சிரிக்காத.”

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. யாரோ பதில் சொல்வதைக் கேட்கிற இடைவெளி மாதிரி இருந்தது. பிறகு,

“மெதுவாப் போடா குடுக்கை. வளைவு வருது பாரு.”

அம்மா, நான் டயருக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா போன பிறகு கிடங்குக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. “நீ தங்கச்சியா?” என்று மட்டும் கேட்டார். “அவர் வர்ற நேரத்துல நாங்க கட்டிங் மிஷின் போடறதில்லம்மா. வெட்டறதுக்கு இன்னும் பேப்பர் வரல. வர்ற வரைக்கும் உக்காரட்டும்னு விட்டுட்டேன்.”

நான் வேனில் ஏறினேன். அப்பா உட்கார்ந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. வலப்பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவில் வட்டமான கம்பி வலை. அண்ணன் தானே துளை போட்டு மாட்டிய பெரிய ஸ்பீக்கர். ‘காது போகுதுடா, குறைடா’ என்று அப்பா தினமும் கத்துவாரே, அது. பையிலிருந்த திசைகாட்டியை வலைக்கு அருகில் கொண்டுபோனேன். ஊசி சுற்றிக்கொண்டு ஓடி, ஒரு முனை வலையோடு ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. திருப்பிப் பிடித்தேன். தள்ளியது.

அப்பாவின் கை வைத்த இடம் அதுதான். வாட்ச் கட்டிய கை.

என்ன செய்யட்டும்?

மகள்

•

செப்டம்பர் 14

செல்லத்துக்கு,

நீயும் அப்பாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. என் கால் பரவாயில்லை.

இங்கே மழை விடாமல் பெய்கிறது. துணி காய்வதில்லை. எங்கள் வார்டில் ஐந்தாவது படுக்கைக்கு ஒரு பையன் வந்தான். லாரியிலிருந்து விழுந்தவன். இருபத்திரண்டு வயது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் கேட்டான். நல்ல பையன். மறுநாள் மேட்ரனிடம் சொல்லி வேறு வார்டு மாற்றி வாங்கிக்கொண்டேன். இப்போது வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். தொந்தரவு இல்லை.

அப்பாவின் பின்னால் இனிமேல் போகாதே.

போர்வையை வெயில் வரும்போது உதறிப் போடு.

அம்மா

•

செப்டம்பர் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

போர்வையை உதறிப் போட்டேன். நான் சுகம். அப்பாவும் சுகம் என்றுதான் நினைக்கிறேன்.

உன் கடிதம் கிடைப்பதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை சங்கு முன்னால் ஊதினால் மூன்றாவது மெமோ என்று சொல்லிவிட்டார். அன்று அப்பாவே வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். “லென்ஸ் அண்ணன்கிட்ட எறக்கிட்டு வா” என்றார். காந்தத்தை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் இறக்கி என்ன பயன்? சாயங்காலமே மறுபடியும் ஏறிவிடும். அதனால் வாட்சை லென்ஸ் மாமாவிடம் கொடுத்துவிட்டுக் கிடங்குக்காரரிடம் ஓடினேன். “அந்த ஸ்பீக்கரை மட்டும் கழட்டிடுங்க மாமா. வலை அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“பெரிய மனுஷி மாதிரி யோசிக்கற. யோசனை சரியான்னுதான் தெரியல” என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஸ்பீக்கரைச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்தார். “எவனுக்கும் தர மாட்டேன், போ.”

இப்போது அப்பா வேனில் உட்கார்ந்துகொள்ளலாம். கையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். வாட்சுக்கு ஒன்றும் ஆகாது, வேலையும் போகாது. நான் போட்ட கணக்கு இதுதான். எங்கே தப்பு என்று எவ்வளவு தேடியும் தெரியவில்லை. சங்கு தினமும் சரியாக ஊதுகிறது. மேனேஜர் அப்பாவின் தோளில் தட்டினாராம்.

பெருமையுடன்
மகள்

•

அக்டோபர் 7

அம்மா,

கணக்கில் தப்பு இருக்கிறது.

இன்று சங்கு ஊதவே இல்லை.

பள்ளியிலிருந்து வந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தெரு அமைதியாக இருந்தது. யாரும் ஆலையிலிருந்து திரும்பவில்லை. எதிர்வீட்டு அத்தை வாசலுக்கு வந்து, “என்னடி இது, இன்னிக்கு சங்கே கேக்கல?” என்றார். அந்த நிசப்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. பிறகுதான் மெக்கானிக் அண்ணா அப்பாவைத் தோளில் பிடித்து அழைத்துவந்தார்.

“சங்கு ரூம்ல உக்காந்திருந்தார் பாப்பா. வாட்சைக் காதுல வெச்சுக்கிட்டு. கூப்பிட்டா திரும்பல. மேனேஜர் வந்து நின்னார். அவர் ஒண்ணுமே சொல்லாமப் போனதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

அவர் போனதும் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “போயிட்டான் பாப்பா. இப்ப தள்ளறதில்ல.”

சொல்லிவிட்டேன். “அவன் போகலப்பா. ஸ்பீக்கரை நான்தான் கழட்டச் சொன்னேன். அதுல இருந்த காந்தம்தான் வாட்சை ஓட வெச்சுது. அண்ணன் இல்ல. வெறும் காந்தம்.” ஹேர் ஸ்பிரிங், சுருள், நீளம் எல்லாம் சொன்னேன். திசைகாட்டியைக்கூடக் கொண்டுவந்து காட்டினேன். இப்போது நினைத்தால் அந்தத் திசைகாட்டியைத் தூக்கி எறிய வேண்டும் போல இருக்கிறது.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு, “எல்லாம் தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“லென்ஸ் அண்ணன் முதல் நாளே சொல்லிட்டார், காந்தம்னு. நான் என்ன மக்கா? எங்க ஏறுதுன்னு மறுநாளே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் தெனம் கையை வெச்சேன். நேத்து வலையைத் தூக்கிப் பாத்தேன். உள்ள வெறும் ஓட்டை. எவனோ களவாண்டுட்டான்னு நெனச்சேன்.”

“அப்ப ஏம்பா அவன் தள்ளறான்னு சொன்னீங்க?”

“காந்தம்தான். இல்லைங்கல.” அப்பா திசைகாட்டியை என் பக்கம் நகர்த்தினார். “யார் மாட்டின காந்தம்?”

அதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

உடனே கிடங்குக்கு ஓடி ஸ்பீக்கரைச் சாக்கோடு தூக்கிவந்தேன். நல்ல கனம். அப்பா அதை வாங்கிக்கொண்டு, நீ சாத்திவிட்டுப் போன அறையைத் திறந்து, ஸ்பேனர்களை ஒதுக்கி, மேசையில் வைத்தார். தூசியைச் சட்டையாலேயே துடைத்தார். வாட்சைக் கழற்றி அதன் மேல் வைத்தார். நாங்கள் இருவரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். டிக் டிக் என்று நிதானமாக இருந்தது, கேட்டுக்கொண்டிருக்கும்போதே தட்டுத்தடுமாறி வேகம் பிடித்தது. அப்பா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பாவுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. நாளைக்குத் தெரியும்.

நீ எப்படி இருக்கிறாய்?

மகள்

•

அக்டோபர் 22

வாட்ச் இப்போது எவ்வளவு முன்னால் போகிறது?

அம்மா

•

நவம்பர் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை, கால் வலி இல்லை, மழை இல்லை. உறையைத் தலைகீழாக உதறிக்கூடப் பார்த்தேன். அந்த ஒரே வரியை அப்பாவிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, மடித்து, திருப்பித் தராமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முதலில் வேலை விஷயம். மறுநாள் மேனேஜரே வீட்டுக்கு வந்தார். மூன்றாவது மெமோ கையில் இருக்கும் என்று நான் கதவோரமே நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அந்த அறை வாசலில் நின்று, வாட்ச் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார். யாரும் அவருக்கு எதுவும் விளக்கவில்லை. மெக்கானிக் அண்ணா வழியிலேயே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். கடைசியில், “சங்கு ரூம்ல சுவர்க் கடிகாரம் மாட்டச் சொல்லிட்டேன். இனிமே அதைப் பாத்து ஊதுங்க. இந்த வாட்சைக் கட்டிக்கிட்டு மட்டும் வராதீங்க” என்றார். அப்பா, “கட்ட மாட்டேன் சார்” என்றார். அவ்வளவுதான். வேலை இருக்கிறது.

வேனை வெட்டிவிட்டார்கள். பேப்பர் வந்துவிட்டதாம். கிடங்குக்காரர் சொல்லி அனுப்பினார். அப்பா போகவில்லை. அன்று முழுவதும் வீட்டில் உட்கார்ந்து என் பள்ளிப் பையின் வாரைத் தைத்துக்கொடுத்தார். கோணல்மாணலாக இருக்கிறது, ஆனாலும் அதைத்தான் மாட்டிக்கொண்டு போகிறேன்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். நாங்கள் வாட்சைச் சரிசெய்வதே இல்லை. அப்பா தினமும் காலையில் சாவி மட்டும் கொடுத்து, மறுபடி ஸ்பீக்கர் மேல் வைத்துவிடுகிறார். முள்ளைத் தொடுவதில்லை. அதனால் அது தன்போக்கில் போய்க்கொண்டே இருக்கிறது. இன்று காலை வானொலி ஆறு மணி சொன்னபோது அதில் மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அப்பா எட்டிப் பார்த்து, “நாம இன்னும் பல்லே தேய்க்கல. இவன் மத்தியானச் சாப்பாட்டை முடிச்சுட்டான்” என்றார். நான் சிரித்துவிட்டேன். அப்பாவும் சிரித்தார். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்திக்கொண்டோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்படியே விட்டால் பொங்கலுக்குள் ஒரு முழு நாள் முன்னால் போய்விடும். அந்த அறையில் நாளையாகவும் இந்த அறையில் இன்றாகவும் இருக்கும். அப்புறம் நாளை மறுநாள். நாம் எவ்வளவு வேகமாக நடந்தாலும் அதைப் பிடிக்க முடியாது. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

உனக்கு லீவு கிடைக்குமா அம்மா? வந்து நீயே காதில் வைத்துக் கேள். அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அப்பா அதில் உட்காருவதில்லை, பக்கத்தில் தரையில்தான் உட்காருகிறார். யாருக்காக அதைப் போட்டேன் என்று நீ கேட்டால் உனக்காக என்று சொல்வேன். அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அப்பா படுத்துவிட்டார். இங்கிருந்தே வாட்சின் சத்தம் கேட்கிறது. யாரோ படிகளில் ஓடி இறங்கி இறங்கி, இறங்கி முடிக்காத மாதிரி. அது காந்தம்தான் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுருள் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று படம்கூட வரைவேன். இருந்தாலும் நான் எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்தவில்லை. அப்பா, “போதும் பாப்பா, மீதியை நாளைக்கு எழுது” என்கிறார். மீதி ஒன்றும் இல்லை. விளக்கை அணைக்கப்போகிறேன்.

மகள்